சிவப்பு முக்கோணம்

வின்னிப்பெக்கில் இருபத்தாறு வருடம்
பிறத்தியார் வீட்டு நிலக்கீழ் அறைகளுக்குள் இறங்கி ஏறினவன் நான்.
தண்ணீர் மீற்றர் பார்ப்பது வேலை.
மைனஸ் முப்பதில் சப்பாத்தைக் கழற்று, நாயிடம் மன்னிப்புக் கேள்,
ரோர்ச்சை அடி, எண்ணை எழுது, மேலே ஏறு.
வடக்கு முனையில் ஒரு வீட்டில்
மீற்றருக்குப் பக்கத்தில் சவப்பெட்டி ஒன்று நின்றது,
விலைச்சீட்டோடு.
நான் கேட்கவில்லை.

எழுதின எண் தனியே ஒன்றும் சொல்லாது.
ஏழாயிரத்து நானூறு என்றால் என்ன?
போன தடவை எண்ணைக் கழித்தால்தான் பில்.
முகப்பில், எண்களுக்குக் கீழே,
மிளகாய் விதை அளவில் ஒரு சிவப்பு முக்கோணம் இருக்கும்.
எல்லாக் குழாயும் பூட்டியிருக்க அது அசைந்தால்
வீட்டுக்குள் எங்கேயோ ஒழுகுது.
சத்தம் வராது. நிலம் நனையாது.
வீட்டுக்காரர் சத்தியம் செய்வார்,
இங்கே ஒன்றும் இல்லை என்று.

ஒவ்வொரு ஒக்டோபரும் இரத்தம் கொடுப்பேன்.
பி.எஸ்.ஏ. நாலைத் தாண்டினால் தாளில் சிவப்பு எழுத்து,
தாண்டாவிட்டால் கறுப்பு.
எனக்கு எப்பவும் கறுப்பு.
பூச்சியம் தசம் ஒன்பது.
அடுத்த வருடம் ஒன்று.
பிறகு ஒன்று தசம் இரண்டு.
பிறகு ஒன்று தசம் ஒன்பது.
இந்த வருடம் மூன்று தசம் நாலு. கறுப்புத்தான்.

“நோர்மல்” என்றார் டொக்டர் அடேயெமி,
பழைய டொக்டர் ஓய்வெடுத்த பிறகு வந்த பெண்,
அடுத்த ஆளின் கோப்பில் கை வைத்தபடி.
சட்டைப்பையிலிருந்து தண்ணீர் பில் உறையை எடுத்தேன்.
அதன் முதுகில் ஐந்து வருடம், ஒன்றின் கீழ் ஒன்று.
கழித்துக் காட்டினேன்.
எனக்கு ஒழுங்காய் வந்த கணக்கு அது ஒன்றுதான்.

அவர் உறையைத் தன் பக்கம் திருப்பினார்.
கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“ஆறு கிழமையில் திரும்பப் பார்ப்போம்.
அதற்கு முன் இரண்டு நாள் சைக்கிள் ஓடக்கூடாது.
மற்றதும் கூடாது.”
மற்றது எது என்று சுகிர்தாவுக்கு
வீட்டில் விளங்கப்படுத்த வேண்டி வந்தது.
சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது அவளுக்கு.
அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் சிரித்தது அவ்வளவுதான்.

மூன்று தசம் ஒன்பது.
தாளில் இன்னமும் கறுப்பு.
டொக்டர் தன் சிவப்புப் பேனையால் சுழித்தார்.

ஸ்கான் குழாய்க்குள் படுத்தேன்.
பன்னிரண்டு ஊசி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டப் சத்தம்,
ஸ்ரேப்ளர் அடித்தது போல.
“நாலும் நாலும் எட்டு” என்றார் சிறப்பு வைத்தியர்.
சின்ன வகுப்புக் கூட்டல்.
வேகமாய்ப் போகிற வகை.
வெளியே இன்னும் பரவவில்லை போல.
அந்தப் ‘போல’வை அவர் மேசையில்
முட்டை வைப்பது மாதிரி வைத்தார்.
எட்டிலிருந்து எதைக் கழிப்பேன்?
புதிதாய்ப் பூட்டின மீற்றருக்குப்
போன தடவை என்று ஒன்று இல்லை.

இரவு ஒரு மணிக்கு
என் சொந்த நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன்.
என் மீற்றரை நான் வாசித்ததே இல்லை,
எங்கள் தெரு வேறொருவனின் பாதை.
ரோர்ச் அடித்துக் குந்தியிருந்தேன்.
முக்கோணம் நின்றது.
பத்து நிமிடம். முழங்கால் நொந்தது.
நின்றது.

பிறகு மெல்ல அசைந்தது.
அரைச் சுற்று, முழுச் சுற்று,
கிறுகிறு என்று சுற்றத் தொடங்கியது.
நெஞ்சை அடைத்தது.
கூரைக் குழாயில் காதை வைத்தேன்.

மேலே குசினியில் சுகிர்தா
குவளை ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள்.
யாருக்கு என்று கேட்கப்
படி ஏறினேன்.